விரலால் படிக்கும் கருவி: வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

மொபைலே எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறதே, பார்வையற்றவருக்குத் தனியாக ஒரு பிரெய்லி கருவி எதற்கு? பலரும் கேட்கும் கேள்வி இது. ‘கறி’யா ‘கரி’யா, ‘பள்ளி’யா ‘பல்லி’யா என்பதைக் குரலை மட்டும் கேட்டுத் தெளிவது கடினம். விரலுக்கு அந்தக் குழப்பம் இல்லை. காதால் மட்டுமே பாடம் படிக்கும் பிள்ளைக்கு எழுத்துப் பிழை கடைசிவரை தெரியாமல் போகலாம். கணக்கில் அடைப்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும் அப்படித்தான். பார்வையோடு செவித்திறனும் இல்லாதவருக்கோ, கணினியைப் படிக்கத் தொடுதல் ஒன்றே வழி.

எப்படி இயங்குகிறது?

லூயி பிரெய்லி 1824இல் வகுத்த ஆறு புள்ளி முறைதான் இன்றும் அடிப்படை. பிரெய்லி டிஸ்ப்ளே எனப்படும் கருவியில் ‘செல்’கள் ஒரே வரிசையாக இருக்கும். ஒவ்வொரு செல்லிலும் எட்டுத் துளைகள். ஆறு எழுத்துக்கு, மற்ற இரண்டு, கர்சர் இருக்குமிடத்தைக் காட்டுவது போன்ற வேலைகளுக்கு. கணினியோ மொபைலோ எழுத்தை அனுப்பியதும் உரிய துளைகளில் சிறு முனைகள் எழும். வரியைப் படித்துப் பொத்தானை அழுத்தினால் அவை இறங்கி, அடுத்த வரி எழும்.

பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொரு முனையையும், மின்சாரம் பாய்ந்தால் வளையும் ஒரு பீசோ பட்டை தூக்குகிறது. 40 செல் என்றால் 320 முனைகள், 320 பட்டைகள். இத்தகைய கருவிகளின் விலை இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டுவதற்கு இதுவே முக்கியக் காரணம். விலையைக் குறைக்கவே வேறு நுட்பங்களில் ஆர்பிட் ரீடர் 20, மும்பையில் உருவான பிரெய்லிமீ போன்றவை வந்தன. ஐஐடி டெல்லி 2019இல் அறிமுகப்படுத்திய டாட்புக்கும் இவ்வகைதான். அதன் உருவாக்கத்தில் சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்துக்கும் பங்குண்டு. ஆர்பிட்டில் முனைகள் உறுதியாக நிற்கும். ஆனால் வரி மாறச் சற்று நேரமாகும், சத்தமும் வரும்.

எத்தனை செல் வேண்டும்?

தமிழ் படிப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். ஆங்கில பிரெய்லியில் சுருக்கங்கள் உண்டு. ‘தி’ என்ற சொல்லுக்கு ஒரே செல் போதும். தமிழில் பெரும்பாலும் முழுதாகவே எழுதுகிறோம். ‘த’ போன்ற அகர உயிர்மெய்க்கு ஒரு செல் போதும், மற்ற உயிர்மெய்க்கு இரண்டு செல் தேவை. புள்ளி வைத்த எழுத்துக்கும் இரண்டு. ‘தமிழ்நாடு’ அச்சில் ஐந்தெழுத்து, பிரெய்லியில் ஒன்பது செல். ‘தமிழ்நாடு அரசு பேருந்து’ என்று எழுத, இடைவெளிகளோடு சேர்த்து 23 செல் வேண்டும். 20 செல் கருவியில் இந்த மூன்று சொல்கூட ஒரு வரியில் அடங்காது.

பையில் எடுத்துச் செல்லவும், மொபைலில் செய்தி பார்க்கவும் 20 செல் போதும். நாள் முழுக்கக் கணினியில் வேலை பார்ப்பவருக்கும் தேர்வுக்குப் படிப்பவருக்கும் 40 செல் நல்லது. பல வரி காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. கேன்யூட் 360இல் 9 வரி, வரிக்கு 40 செல். மோனார்க்கில் 10 வரி, வரிக்கு 32 செல். வரைபடத்தையும் தொட்டுப் பார்க்கலாம். கணக்கும் அறிவியலும் படிப்பவருக்கு இவை பெரிய உதவி, விலைதான் தடை.

தமிழ் தெரியுமா?

இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்லி 1951இல் வகுக்கப்பட்டது. ஆனால் ‘ஹிந்தி இருக்கிறது, அதுவே போதும்’ என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். ழ, ற, ன ஆகியவையும் குறில் எ, ஒ-வும், எழுத்தைப் பிரெய்லியாக மாற்றும் ஹிந்தி அட்டவணையில் சரியாக வராது. கடைக்காரரின் ஆங்கில மாதிரியை ஒதுக்கிவிட்டு, பாடநூலின் ஒரு பக்கத்தை யூனிகோடு தமிழில் கொண்டுபோய்ப் படித்துப் பாருங்கள். ‘கொடி’யும் ‘கோடி’யும் வேறாகத் தெரிய வேண்டும், ‘பழம்’ பழமாகவே வர வேண்டும்.

விண்டோஸ் கணினித் திரையைப் படித்துக் காட்டும் இலவச ஸ்கிரீன் ரீடரான என்விடிஏவில் தமிழ் பிரெய்லி அட்டவணை உண்டு. ஆகவே கணினியோடு இணைத்துப் படிப்பவருக்குக் கவலை குறைவு. மெமரி கார்டில் இருந்து தனியாகப் படிப்பதுதான் நோக்கம் என்றால், கருவிக்கே தமிழ் தெரியுமா, அல்லது கோப்பை முன்கூட்டியே பிரெய்லியாக மாற்றித் தர வேண்டுமா என்று கேளுங்கள்.

மற்றவை

2018இல் அறிவிக்கப்பட்ட எச்ஐடி பிரெய்லி தரநிலையை ஏற்கும் கருவியாக இருந்தால் தனி மென்பொருள் இல்லாமலே இணைக்க வழி உண்டு. ஒவ்வொரு செல்லுக்கும் கர்சரை அழைக்கும் பொத்தான் இருந்தால், எழுதியதைத் திருத்துவது எளிது. ஆர்பிட் ரீடர் 20இல் அது இல்லை. வியர்வையும் தூசியும் முனைகளை அடைத்துவிடும் என்பதால் கையைக் கழுவித் துடைத்துவிட்டே படிக்க வேண்டும். பழுதானால் எங்கே அனுப்புவது, எத்தனை நாளாகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பள்ளிகளும் நன்கொடையாளர்களும் ஒரே கருவியை மொத்தமாக வாங்கி எல்லோருக்கும் கொடுப்பது நல்லெண்ணம்தான். ஆனால் சிலருக்கு மென்மையான முனை பிடிக்கும். சர்க்கரை நோயால் விரல் உணர்வு குறைந்தவருக்கு உறுதியான முனை வேண்டும். படிக்கப்போகிறவரை உட்கார வைத்து, ஒரு மணி நேரமாவது தன் மொழியில் படிக்கச் சொல்லிவிட்டு, அவர் சொல்லும் கருவியை வாங்குங்கள். கருவி வீணாகாமல் இருக்க அதுவே வழி. எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது என்று முடிவெடுக்கும் உரிமையும் அவருக்கே உரியது.