முந்திய பாட்டும் பிந்திய பாட்டும்



ஒரு கலைஞர் தமது முதற் படைப்பினாலேயே பெரும் புகழ் எய்திவிட்டால், அப்புகழே பின்னர் அவருக்குத் தளையாகிவிடுவதுண்டு. மக்கள் முன்னர்ச் சுவைத்ததையே மீண்டும் வேண்டுவர். கலைஞருக்கோ ஆண்டுதோறும் வயது ஏறுகிறது. வாழும் இடமும் பழகும் மனிதரும் மாறிவிடுகின்றனர். இதனால் எழும் பிணக்கினை விளங்கிக்கொள்வதற்கு, இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்து இளைஞர் அமைத்த 'ஆர்க்டிக் மங்கீஸ்' என்னும் றொக் இசைக்குழுவின் இரண்டு இசைத்தட்டுத் தொகுதிகளை இன்று ஒப்புநோக்குவோம். ஒன்று 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. மற்றையது 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இக்குழு 2002ஆம் ஆண்டில் தோன்றியது. பாடல்களை எழுதிப் பாடுபவர் அலெக்ஸ் டேர்னர். இத்தகைய குழுக்களை 'இண்டி' என்று அழைப்பர். பெரிய வர்த்தக நிறுவனங்களைச் சாராது, சிறிய இசைத்தட்டுக் கம்பெனிகள் வாயிலாகப் பாடல்களை வெளியிடுவோர்க்கு முதலில் வழங்கிய அப்பெயர், நாளடைவில் அவர்தம் இசைப் பாணியையும் குறிக்கலாயிற்று. 'டொமினோ' என்னும் சுதந்திரக் கம்பெனியே இவர்களுடைய தொகுதிகளை வெளியிட்டது. அதற்கு முன்னரே, தாம் பதிவு செய்த பாடல்களை இவர்கள் கச்சேரிகளில் இலவசமாக வழங்கினர். பெற்றவர்கள் அவற்றை இணையத்தின் மூலம் பிறரோடு பகிர்ந்துகொண்டனர். ஆதலால் முதற்றொகுதி கடைக்கு வருமுன்பே பாடல்கள் பலருக்கு மனப்பாடமாகிவிட்டன.

அம்முதற்றொகுதியின் பெயர் 'வட்டெவர் பீப்பிள் சே ஐ ஆம், தட்ஸ் வட் ஐம் நொட்' என்பதாகும். பிறர் என்னை யாரென்று சொல்கிறார்களோ, அவன் நான் அல்லேன் என்பது அதன் பொருள். அலன் சிலிட்டோ 1958இல் எழுதிய 'சனி இரவும் ஞாயிறு காலையும்' என்னும் நாவலிலிருந்து பிறந்த கூற்று அது. சைக்கிள் தொழிற்சாலையில் உழைக்கும் இளைஞன் ஒருவனின் அடங்காத வாழ்வைக் கூறும் அந்நாவல், 1960இல் திரைப்படமாகவும் வந்தது. தொகுதியிலுள்ள பதின்மூன்று பாடல்களும் அவ்வுலகத்துக்கு அணுக்கமானவை. நடன விடுதியின் வாயிலில் இளைஞரைத் தடுத்து நிறுத்தும் காவலர், நள்ளிரவில் வீடு திரும்பும் டாக்சிப் பயணம், ஊடிய காதலியின் கடுகடுத்த முகம் ஆகியவை ஷெபீல்ட் வட்டார வழக்கிலேயே பாடப்படுகின்றன. கிற்றார்கள் விரைகின்றன, மற் ஹெல்டர்ஸின் டிரம் முழக்கம் அவற்றைத் துரத்துகின்றது. வெளிவந்த முதல் வாரத்திலேயே பிரித்தானியாவில் 363,735 பிரதிகள் விற்பனையாயின. டேர்னருக்கு அப்போது வயது இருபது.

இனி, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ஆறாவது தொகுதியைக் காண்போம். இதற்கு முந்தியதாகிய 2013ஆம் ஆண்டுத் தொகுதி, கனத்த கிற்றார் ஒலியினால் அமெரிக்காவிலும் இவர்களுக்குப் பெருங்கூட்டத்தைச் சேர்த்திருந்தது. அதே வழியில் மேலும் செல்வார்கள் என்றே பலரும் எதிர்பார்த்தனர். ஆனால், டேர்னருடைய முப்பதாவது பிறந்தநாளில் அவருடைய முகாமையாளர் ஒரு பியானோவைப் பரிசளித்தார். லொஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் அப்பியானோவின் முன் அமர்ந்து அவர் இயற்றிய பாடல்களே 'ட்ராங்குவிலிட்டி பேஸ் ஹோட்டல் அன்ட் கசினோ' என்னும் தொகுதியாயின. 1969ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி அப்பலோ 11 விண்கலத்தினர் சந்திரனில் இறங்கிய இடத்தின் பெயர் அது. அவ்விடத்தில் ஓர் உல்லாச விடுதி எழுந்திருப்பதாகப் பாடல்கள் கற்பனை செய்கின்றன. வேகம் அடங்கிவிட்டது. பியானோ முன்னே வர, கிற்றார் பின்னே ஒதுங்கி நிற்கின்றது. கேட்ட அன்பர்கள் இரு கூறாகப் பிரிந்தனர். புதிய துணிவு என்று போற்றினர் ஒரு சாரார். எங்கள் குழு எங்கே போயிற்று என்று வருந்தினர் மறுசாரார்.

தமிழ்ப் பாட்டுக்கு உரைகண்ட சான்றோர் முதலில் கேட்கும் வினா ஒன்றுண்டு: இது யார் கூற்று? அதே வினாவை இங்கும் எழுப்பினால் மாற்றத்தின் உண்மை புலப்படும். முதற்றொகுதியில் பேசுபவன் வாயிலில் வரிசையில் நிற்பவன். தன் கூட்டாளிகளைப் பார்த்துச் சொல்கிறான். பிந்திய தொகுதியில் பேசுபவன் புகழும் களைப்பும் ஒருங்கே எய்திய ஒரு மேடைப் பாடகன். பெரும்பாலும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். முப்பத்திரண்டு வயதில், உலகறிந்த பாடகராகிய டேர்னர், இன்னும் ஷெபீல்ட் விடுதி வாயிலில் மறிக்கப்படுபவர் போலப் பாடியிருந்தால் அது வேடமாகவே முடிந்திருக்கும். முதற்றொகுதியை மக்கள் விரும்பியதற்குக் காரணம் அதன் வேகம் மட்டுமன்று. அது மெய்யாக இருந்தமையுமாகும். அம்மெய்ம்மையைக் காப்பதற்கே அவர் ஒலியை மாற்ற வேண்டியிருந்தது.

மாறாத ஒன்றும் உண்டு. மனிதர் கூடும் இடங்களை எள்ளல் கலந்து நோக்கும் கண் அது. 'போர் அவுட் ஒவ் பைவ்' என்னும் பாடல் சந்திரனிலுள்ள உணவகம் ஒன்றை விளம்பரக்காரனின் குரலிற் புகழ்கின்றது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் பெற்றதே அதன் பெருமை! அவ்வுணவகத்தின் பெயர், 'செய்திக்கும் செயலுக்குமுள்ள விகிதம்' என்று பொருள்படும். நீல் போஸ்ட்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1985இல் வெளியிட்ட நூலில் ஆண்ட தொடர் அது. நம்மை வந்தடையும் செய்திகள் பெருகப் பெருக, அவற்றைக்கொண்டு நாம் செய்யக்கூடியது குறைந்துகொண்டே போகின்றது என்பது அவருடைய கவலை. வாயிற் காவலரைக் கேலி செய்த அதே இளைஞர்தாம், இப்போது எதற்கும் நட்சத்திரமிட்டு மதிப்பிடும் ஓர் உலகத்தைக் கேலி செய்கிறார்.

ஆயினும் வருந்தியவர்களின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிடலாகாது. முதற்றொகுதியில் நால்வர் ஒரே அறையில் நின்று ஒருவரையொருவர் உந்தி இசைக்கும் கிளர்ச்சி இருந்தது. பிந்தியதில் ஒருவரின் சிந்தனையே ஓங்கி நிற்க, ஏனையோர் அடக்கி வாசிக்கின்றனர். உடனே ஆடத் தூண்டும் பாட்டு அதில் அரிது. இது மெய்யான இழப்பே. அதனை இழப்பு என்று சொல்வது வேறு. கலைஞர் வாக்குத் தவறிவிட்டார் என்று குற்றஞ்சாட்டுவது வேறு. பிறர் சொல்லும் ஆள் நான் அல்லேன் என்று முதற்றொகுதியின் பெயரிலேயே அவர்கள் சொல்லி வைத்திருந்தனர். அப்பெயரைக் கொண்டாடிய அன்பர்கள், அதைச் சொன்னவர்கள் பின்னர் அதன்படி நடந்தபோது மனம் வருந்தினார்கள்.

2022ஆம் ஆண்டில் வந்த 'த கார்' என்னும் ஏழாவது தொகுதியிலும் இக்குழுவினர் பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. இவர்களைப் புதிதாகக் கேட்க விரும்பும் நேயர்கள் வாயிற் காவலரைப் பற்றிய பாட்டையும் சந்திர உணவகத்தைப் பற்றிய பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்பார்களாக. எது சிறந்தது என்ற வினாவைச் சற்றே ஒத்திவைத்து, பாடுபவர் அவ்வப்போது எங்கே நின்று பாடுகிறார் என்பதை முதலில் கவனிப்பார்களாயின், இரண்டையும் உரிய வகையில் சுவைக்க இயலும்.