சிறிய சீட்டே வெல்லும் ராஸ்: முதல் மூன்று சீட்டுகளின் கணக்கு

போக்கர் என்ற பெயரில் வழங்கும் சீட்டாட்டங்களில் பெரும்பாலானவை உயர்ந்த சீட்டுகளைத் தேடுபவை. ராஸ் எனப்படும் வகையோ அதற்கு நேர்மாறாக, மிகக் குறைந்த ஐந்து சீட்டுகளைக் கொண்டவருக்கே பந்தயத் தொகை முழுவதையும் அளிக்கிறது. லாஸ் வேகாஸில் நடைபெறும் உலகப் போக்கர் தொடரில் 1971ஆம் ஆண்டிலேயே இதற்குத் தனிப் போட்டி இடம்பெற்றது. ஹோல்டம் ஆட்டத்தால் பெயர்பெற்ற ஃபில் ஹெல்முத் 2012, 2015 ஆகிய ஆண்டுகளில் அத்தொடரின் ராஸ் போட்டிகளில் வென்றார்.

ஒவ்வொருவரும் ஒரு சிறு நுழைவுத் தொகையைச் செலுத்திய பின், ஆளுக்கு இரண்டு சீட்டுகள் கவிழ்த்தும் ஒன்று திறந்தும் தரப்படுகின்றன. திறந்த சீட்டு யாருக்கு மிகப் பெரியதோ அவர் கட்டாயமாகப் பந்தயத்தைத் தொடங்க வேண்டும். பிறகு மூன்று சீட்டுகள் திறந்தும் கடைசிச் சீட்டு கவிழ்த்தும் வர, ஏழில் சிறந்த ஐந்து கணக்கில் கொள்ளப்படும். ஏஸ் இங்கே ஒன்றாகவே மதிக்கப்படுவதாலும், வரிசையாக அமைவதோ ஒரே இனமாக அமைவதோ குறையாகக் கருதப்படாததாலும், ஏஸ்-2-3-4-5 என்பதே வெல்ல முடியாத கை. ஜோடி சேர்வதுதான் கெடுதல்.

முதல் மூன்று சீட்டுகளும் ஒன்றுக்கொன்று வேறுபட்டு, எட்டுக்கு மேற்படாமல் இருந்தால் ஆட்டத்தில் இறங்கலாம் என்பது பொதுவிதி. 52 சீட்டுகளிலிருந்து மூன்றை எடுக்க 22,100 வழிகள் உள்ளன. அவற்றுள் இவ்விதிக்குப் பொருந்துபவை 3,584, அதாவது ஏறத்தாழ 16 விழுக்காடு. ஆறு முறை சீட்டுப் பிரித்தால் ஒரு முறைகூட நல்ல கை வரும் என்ற உறுதியில்லாத இந்த ஆட்டம், சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாதவரின் பணத்தை விரைவில் தின்றுவிடும்.

எட்டு என்றாலும் எல்லா எட்டும் ஒன்றல்ல. கைகள் மிகப் பெரிய சீட்டிலிருந்து கீழ்நோக்கி ஒப்பிடப்படுவதால், 8-4-3-2-ஏஸ் என்பது 8-7-3-2-ஏஸை வென்றுவிடும். ஏஸ்-2-8 வைத்திருப்பவர் பின்னால் மூன்று சிறு சீட்டுகள் கிடைத்தால் எட்டையே உதறிவிட்டு உயர்ந்த கையை அடையலாம். 6-7-8 வைத்திருப்பவரோ பெரும்பாலும் 8-7 என்ற அளவிலேயே நின்றுவிடுவார். ஏஸ்-2-8 கையிலும் எட்டு கவிழ்ந்திருந்து இரண்டு திறந்திருப்பது நல்லது, ஏனெனில் எதிராளி பார்ப்பது இரண்டை மட்டுமே.

ஆயினும் இவை அனைத்தையும்விட முக்கியமானது, மேசையில் பிறர் முன் திறந்து கிடக்கும் சீட்டுகளைப் படிப்பதுதான். ராஸ் ஆடுபவரின் தேர்ச்சியில் பாதி இதில்தான் அடங்கியிருக்கிறது. எட்டுப் பேர் ஆடும் மேசையில் ஒருவரிடம் 2-4-7 இருப்பதாகக் கொள்வோம். அவருக்கு உதவக்கூடியவை ஏஸ், 3, 5, 6, 8 ஆகிய 20 சீட்டுகள். மற்ற எழுவரின் திறந்த சீட்டுகளையும் கழித்தால் அவர் காணாதவை 42. அந்த எழுவரிடம் 2, 4, 4, 7, ஜாக், ராணி, ராஜா தெரிந்தால், அவருக்கு ஜோடியாகக்கூடிய சீட்டுகள் ஒன்பதில் நான்கு வெளியேறிவிட, வேண்டிய 20 சீட்டுகளும் மிஞ்சியிருக்கும். அடுத்த சீட்டு உதவும் வாய்ப்பு ஏறத்தாழ 48 விழுக்காடு. மாறாக ஏஸ், 3, 5, 6, 8, ராணி, ராஜா தெரிந்தால் அது 36 விழுக்காடாகச் சரியும். கையில் இருப்பது அதே மூன்று சீட்டுதான். இந்தக் கணக்கைப் பார்க்காமல் 2-4-7ஐ நல்ல கை என்றோ சுமாரான கை என்றோ சொல்வதில் பொருளில்லை. ஒன்பதைக் கொண்ட கையும் இவ்வாறே, மற்றவர் முன் படச் சீட்டுகளும் தனக்கு ஜோடியாகக்கூடிய சீட்டுகளுமே கிடக்கும்போது ஆடத்தக்கதாகிவிடுகிறது.

மோசமான கையோடும் துணிந்து இறங்கும் இடம் ஒன்று உண்டு. கட்டாயப் பந்தயம் போட்டவருக்கு உடனடி வலப்புறம் இருப்பவரிடம் முறை கடைசியாக வருகிறது. அதற்குள் மற்றவர் அனைவரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, எதிரே ராஜா காட்டும் ஒருவர் மட்டுமே மிஞ்சியிருக்க, இவர் காட்டுவது 3 என்றால், மறைந்திருப்பவை 3, ராணி என்றாலும் பந்தயத்தை உயர்த்தலாம். ராஜாவை வைத்திருப்பவர் பெரும்பாலும் விலகிவிடுவதால், நுழைவுத் தொகைகள் சண்டையின்றிக் கைக்கு வரும். பின்னால் இன்னும் ஒருவர் சிறிய சீட்டோடு காத்திருந்தால் இம்முயற்சி வீண். ராஜாக்காரர் விலகாமல் தொடர்ந்து, நான்காவது சீட்டாக அவருக்கு 5 வந்து, உயர்த்தியவருக்கு ஜாக் வந்தால், அந்த இடத்திலேயே கையை விட்டுவிட வேண்டும். போட்ட பணத்தை மீட்கும் எண்ணத்தில் அதற்கு மேல் தொடர்வது வெறும் இழப்பு.