பயிரின் தவணையும் வங்கியின் தவணையும்

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்குக் கரையில், மலாக்கா நீரிணையைப் பார்த்து அமைந்துள்ளது பொந்தியான் வட்டாரம். அங்கே அன்னாசி பயிரிடுபவர் கன்று நட்ட நாளிலிருந்து முதற்பழம் வெட்டும் நாள்வரை ஓராண்டுக்கு மேல், சில வேளை ஒன்றரை ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். செம்பனை குலை தள்ளி வருவாய் தர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். ரப்பர் மரம் பால்வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். நெட்டைத் தென்னைக்கும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் அதே பட்டணத்து வங்கியில் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவர், மகளின் திருமணச் செலவுக்கென்று நாளைக் காலையே தம் பணம் முழுவதையும் கேட்டு வாங்கலாம். வங்கி மறுக்க முடியாது. நாளை கேட்கக்கூடிய பணத்தை வாங்கி, மூன்றாண்டு கழித்துத் திரும்பக்கூடிய இடத்தில் போட்டு வைப்பதுதான் வாணிப வங்கியின் தொழில். அதன் இலாபம் பிறப்பதும், அதன் ஆபத்து பிறப்பதும் இந்த இடைவெளியிலேதான்.

ஒரு வங்கி ஏன் செழிக்கிறது, அடுத்த வங்கி ஏன் நொடிக்கிறது என்று கேட்டால், நிருவாகியின் நேர்மை, கட்டடத்தின் பொலிவு, வாடிக்கையாளர் கூட்டம் என்று பலரும் பலவற்றைச் சொல்வர். நேர்மை இன்றியமையாததே. ஆனால் நேர்மையானவர்கள் நடத்திய வங்கிகளும் நொடித்துள்ளன. காரணத்தைக் கணக்கில் தேட வேண்டும். அந்தக் கணக்கும் நடுநிலைப் பள்ளி மாணவனுக்கு எட்டாத கணக்கன்று.

ஒரு வங்கியின் மொத்தச் சொத்து 100 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதில் பங்குதாரர் போட்ட சொந்த முதல் 8 வெள்ளி; மற்ற 92 வெள்ளி ஊரார் வைப்பு. வங்கி 70 வெள்ளியைக் கடனாகக் கொடுத்துவிட்டு, எஞ்சியதை ரொக்கமாகவும் அரசாங்கக் கடன் பத்திரமாகவும் வைத்திருக்கிறது. வந்த வட்டியிலிருந்து வைப்பாளர்க்குரிய வட்டி, சம்பளம், வாடகை, வரி யாவும் போக ஆண்டு முடிவில் 1 வெள்ளி மிஞ்சுகிறது. நூற்றுக்கு ஒன்று என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் பங்குதாரர் போட்டது 8 வெள்ளிதானே! அவருக்கு அது நூற்றுக்குப் பன்னிரண்டரை. அவர் மகிழ்கிறார், பங்கின் விலையும் ஏறுகிறது.

இப்போது, கொடுத்த 70 வெள்ளியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 7 வெள்ளி, திரும்பவில்லை என்று கொள்வோம். ஈடாகப் பெற்ற நிலத்தை விற்றுப் பாதியை மீட்டாலும் மூன்றரை வெள்ளி நட்டம். மூன்றரை ஆண்டு இலாபம் ஒரே ஆண்டில் மறைந்து, சொந்த முதல் நாலரை வெள்ளியாகிறது. பத்தில் இரு பங்கு மோசம் போனால் எஞ்சுவது ஒரு வெள்ளி. சொந்த முதல் ஐம்பதும் கடன் ஐம்பதுமாக நடக்கும் ஒரு தொழிற்சாலைக்கு அதே மூன்றரை வெள்ளி நட்டம் தலைவலி. வங்கிக்கோ அது மாரடைப்பு. வங்கியையும் ஏனைய கம்பெனிகளையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது என்று அறிஞர் கூறுவதன் காரணம் இதுதான். (பள்ளிக்கூட வட்டிக் கணக்குகளில் கடன் வாங்கிய இராமன் ஒருபோதும் ஓடிப்போவதில்லை என்பதையும் ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கலாம்.)

பத்தில் ஒருவர் தவறுவது எப்போதாவது நடப்பதுதானே என்று கேட்கலாம். கடன் வாங்கியவர்கள் ஒருவரோடொருவர் தொடர்பில்லாதவர்களாயின் அப்படித்தான். பொந்தியான் போன்ற இடத்தில் அவர்கள் அப்படி இருப்பதில்லை. அங்குப் பெரும்பரப்பு அழுகிய மரமும் இலையும் படிந்து உண்டான கருஞ்சேற்று நிலம். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தாலன்றிப் பயிர் நிற்காது. 1974 முதல் உலக வங்கியின் கடனுதவியோடு நடந்த மேற்கு ஜொகூர் வேளாண்மை வளர்ச்சித் திட்டம் வடிகாலுக்கு முதலிடம் தந்தது இதனால்தான். இத்தகைய நிலத்தில் அன்னாசி நன்கு வளர்கிறது. பெக்கான் நானாஸ் என்னும் ஊர் அப்பழத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒரு விளைபொருளை நம்பிய ஊரில் அதன் விலை வீழ்ந்தால் பயிரிட்டவர் மட்டுமா தவணை தவறுவார்? பழம் ஏற்றும் லாரிக்காரர், உரக்கடைக்காரர், இவர்கள் எல்லோருக்கும் கடனுக்குச் சாமான் கொடுத்த மளிகைக்காரர் எனச் சங்கிலியாகத் தவறுவர். வங்கிப் பேரேட்டில் நூறு பெயர்கள் இருக்கும். உண்மையில் இருப்பது ஒரே கடன். போதாக்குறைக்கு, ஈடாக வாங்கிய நிலமும் அதே ஆண்டில்தான் விலையிறங்கும்.

இந்தப் பாடத்தைத் தமிழர் பர்மாவில் கற்றனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் வைத்திருந்த கணக்கு முறை வியக்கத்தக்கது. ஐந்தொகை என்னும் சொல் அவர்கள் பேரேட்டில் வழங்கியது. குறித்த சில மாத காலத்துக்கு வாங்கும் வைப்புக்கு அவர்கள் இட்ட பெயரும் தவணைதான். மூன்றாண்டுக்கு ஒரு மேலாள் கடல் கடந்து சென்று கடையை நடத்தி, கணக்கை ஒப்படைத்துத் திரும்பினார். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பர்மாவில் அவர்கள் ஈடுபடுத்திய பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று அந்நாட்டு வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி அவர்கள் குலத்தாரின் சொந்தப் பணமே. எனவே மேலே சொன்ன 8 வெள்ளி வங்கியின் நோய் அவர்களுக்கு இல்லை. இருந்தும் என்ன ஆயிற்று? நெல் விலை வீழ்ந்தது; உழவர் தவணை தவறினர்; ஈட்டு நிலம் கடைக்கு வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலம் 1937 அளவில் நூற்றுக்கு 25 ஆயிற்று. நிலம் பெருகிற்று என்று வெளியார் பொறாமைப்பட்டனர். மேலாள்களோ கவலைப்பட்டனர். பணமாக இருந்தது சேறாக மாறிவிட்டதே! விற்றால் வாங்குவாரில்லை, வைத்திருந்தால் வட்டியில்லை, உள்ளூராரின் வெறுப்பும் சேர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பலர் ஓட நேர்ந்தது. 1948இல் சுதந்திர பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. பேரேட்டில் இருந்த சொத்து பேரேட்டிலேயே நின்றுவிட்டது.

மலாயாவிலும் கிட்டங்கிகள் அதே புயலைக் கண்டன. 1932இல் ரப்பர் ஒரு பவுண்டு சில காசுகளுக்கு இறங்கியது. 1933இல் கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் மலாய் ஒதுக்கீட்டு நிலங்களை மலாய்க்காரரல்லாதாரிடம் ஈடு வைப்பதைச் சட்டம் தடுத்தது. குடியானவர் நிலத்தைக் காப்பதற்காக வந்த சட்டம் அது. அதன் நியாயத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கடன் கொடுப்பவன் பார்வையில், சட்டமன்றத்தில் எழுதப்படும் ஒரு வரி ஈட்டின் மதிப்பை ஒரே நாளில் மாற்றவல்லது என்பதும் உண்மை.

சென்னையில் பாடம் வேறு வடிவில் வந்தது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் என்னும் பெரிய ஆங்கிலேயக் கம்பெனி கதவடைத்தது. வைப்புப் பணத்தை எங்கோ சூதாட்ட முதலீடுகளில் போட்டுவிட்டதே காரணம். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். வைப்பாளர் பணம் திரும்பவில்லை. அந்த இடிபாட்டிலிருந்துதான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி எழுந்தது. 1937 பிப்ரவரி 10ஆம் நாள் எம். சி.டி. எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, முதல் நாளிலேயே காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் கதவு திறந்தது. பின்னர் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. ஓர் ஊரின் விலைவீழ்ச்சி மற்றோர் ஊரின் இலாபத்தால் ஈடுகட்டப்படும் என்னும் அறிவு அதில் இருந்தது.

சிங்கப்பூர்ச் சீனரும் இதே முடிவுக்கு வந்தனர். ஹொக்கியன் வணிகரின் மூன்று வங்கிகள் 1932இல் ஒன்றாகி ஓ.சி.பி.சி. ஆயின. அதில் முன்னின்றவருள் ஒருவர் ஜொகூர் ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பொருள் ஈட்டிய லீ கோங் சியான். விளைபொருள் வாணிகத்தில் ஊறியவர்க்கே விளைபொருளை மட்டும் நம்பும் வங்கியின் ஆபத்து நன்கு தெரியும் போலும்.

இந்திய வங்கிகள் 1969இல் நாட்டுடைமையாயின. அயல் அரசாங்கத்துக்குச் சொந்தமான வங்கி இங்கு இயங்கலாகாது என்னும் மலேசியச் சட்டத்தால், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, யூகோ வங்கி ஆகிய மூன்றின் மலேசியக் கிளைகளும் 1973இல் யுனைடெட் ஏசியன் வங்கியாக இணைந்தன. இந்நாட்டு இந்தியர் பலருக்கு அது தம் வங்கி. 1985இல் செம்பனை எண்ணெய், ஈயம், வீடு நிலம் ஆகிய எல்லாவற்றின் விலையும் ஒருங்கே சரிந்தபோது வாராக் கடன் அதனை அழுத்திற்று. பேங்க் நெகாரா தலையிட்டுப் புது முதல் ஊட்ட வேண்டியதாயிற்று. 1991இல் பேங்க் ஆப் காமர்ஸுடன் அது இணைக்கப்பட்டது, இன்று சி.ஐ.எம்.பி. என வழங்கும் வங்கியின் வேர்களில் ஒன்று அது. பெயர்ப்பலகை போயிற்று, வைப்பாளர் பணம் போகவில்லை. அதே நெருக்கடியில், 1986இல், வைப்பு வாங்கி வந்த 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டபோது சிறு சேமிப்பாளர் பட்ட பாடு வேறு. வங்கிகளைப் போன்ற மேற்பார்வை அவற்றின்மேல் இல்லாதிருந்தமையே அந்த வேறுபாட்டுக்கு முதற்காரணம்.

வங்கியை விட்டுக் கம்பெனிக்கு வந்தால் கணக்கு சற்று மாறுகிறது. தோட்டக் கம்பெனியின் இலாபத்தை முதலில் தீர்மானிப்பது விலை. அது அதன் கையில் இல்லை. அதன் கையில் உள்ளவை ஏக்கருக்கு விளைச்சல், கூலி, மரத்தின் வயது, வாங்கிய கடன் ஆகியவை. மரத்தின் வயதைப் பலர் பார்ப்பதே இல்லை. 2012 ஜூனில் பெல்டா குளோபல் வெஞ்சர்ஸ் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஒரு பங்கு 4.55 வெள்ளிக்கு விற்று, 1,000 கோடி வெள்ளிக்கு மேல் திரட்டிற்று. அவ்வாண்டு உலகில் நிகழ்ந்த மிகப்பெரிய பங்கு வெளியீடுகளில் அஃது ஒன்று. கையில் பணம் குவிந்தது. தோட்டத்தில் மரங்கள் கிழடுதட்டியிருந்தன. 2013இல் அக்கம்பெனி ஏறத்தாழ 120 கோடி வெள்ளிக்குப் பொந்தியான் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் என்னும் கம்பெனியை வாங்கியது. பெயர் பொந்தியான், தோட்டங்களோ சபாவில். வேறு கம்பெனிகளையும் வாங்கிற்று. எண்ணெய் விலை இறங்கியது. அதிக விலைக்கு வாங்கிய சொத்துகளின் மதிப்பைக் குறைத்து எழுத நேர்ந்தது. 2018இல் நட்டம் 100 கோடி வெள்ளியைத் தாண்டியது. 2025இல் பெல்டா, பங்கு ஒன்றுக்கு 1.30 வெள்ளி கொடுத்து அதனைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. கிழட்டு மரத்தை வெட்டிப் புதுக்கன்று நட்டால் மூன்றாண்டு வருவாய் இல்லை. நடாவிட்டால் ஆண்டுதோறும் விளைச்சல் குறையும். பயிரின் தவணை பங்குதாரரின் பொறுமைக்காகக் காத்திருப்பதில்லை.

வட்டி வீதமும் இரு சாராரையும் தொடுகிறது, ஆனால் எதிரெதிராக. 2020 ஜூலையில் பேங்க் நெகாரா தன் அடிப்படை வீதத்தை 1.75க்கு இறக்கியபோது கடன்பட்ட கம்பெனிக்கு ஆறுதல். வங்கிக்கு வருவாய் குறைவு. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஆறு மாதம் தவணைகளும் தள்ளிவைக்கப்பட்டன. தவணை தள்ளிப்போனாலும் வட்டி வரவுப் பத்தியில் எழுதப்படும். எழுதிய வட்டி வேறு, வந்த வட்டி வேறு என்பதைப் பழைய மேலாள் எவருக்கும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

ஆகவே வங்கியின் ஆண்டறிக்கை கைக்கு வந்தால் இலாப வரியை முதலில் படிப்பது பயனற்றது. செழித்த காலத்து இலாபம் தாராளமாகக் கடன் கொடுத்ததன் அடையாளமாகவும் இருக்கலாம். அதன் விலை மூன்றாண்டு கழித்துத் தெரியும். சொந்த முதல் எவ்வளவு, வாராக் கடன் எவ்வளவு, அதற்கென ஒதுக்கியது எவ்வளவு, கடன்கள் எந்தத் தொழிலில் குவிந்துள்ளன, நூறு வெள்ளி வருவாய்க்குச் செலவு எவ்வளவு ஆகிய இவ்வைந்தும் அறிக்கையின் பின்பக்கங்களில், சிற்றெழுத்தில் இருக்கும்.

மலேசியாவில் 2005 முதல் வைப்புக் காப்புறுதிக் கழகம் இயங்குகிறது. உறுப்பு வங்கி ஒன்றில் ஒருவர் வைத்திருக்கும் 2,50,000 வெள்ளிவரை அது காப்பளிக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணத்துக்கு அந்தக் காப்பு இல்லை. கழகம் ஆண்டுதோறும் வங்கிகளின் நிலையை மதிப்பிட்டு, நான்கு வகுப்பாகப் பிரித்து, நலிந்த வங்கியிடம் கூடுதல் கட்டணம் வாங்குகிறது. எந்த வங்கி எந்த வகுப்பில் தேறிற்று என்பதை வெளியிட வங்கிக்கு அனுமதி கிடையாது. மதிப்பெண் மறைக்கப்பட்ட அந்தத் தேர்வின் விடைத்தாள்தான் ஐந்தொகை. திருத்தத் தெரிந்தவர் திருத்திக்கொள்ளலாம்.