பலகையைப் படித்தால் போதுமா?

நாற்பது வயது தாண்டியவர்கள் ஊசியில் நூல் கோக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? கையை நீட்டுவார்கள். தலையைப் பின்னுக்கு இழுப்பார்கள். "வெளிச்சமே போதவில்லை" என்று விளக்கின்மேல் பழி போடுவார்கள்.

பாவம், விளக்கு என்ன செய்யும்? கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக விறைத்துப் போகிறது. கிட்டே உள்ள பொருளைப் பார்க்க அதனால் வளைந்துகொடுக்க முடிவதில்லை. இதுதான் வெள்ளெழுத்து. சாளேசுவரம் என்றும் பெரியவர்கள் சொல்வார்கள்.

படித்துறையில் ஆபத்து

இதற்குப் பழைய பரிகாரம் பைபோகல் கண்ணாடி. மேல் பகுதி தூரத்துக்கு; கீழ்ப் பகுதி கிட்டத்துக்கு. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்கிளின் 1780களிலேயே இப்படி ஒரு கண்ணாடி அணிந்தார்.

கணக்கு எழுத அது நல்லதுதான். ஆனால், அதைப் போட்டுக்கொண்டு திருவையாற்றுப் படித்துறையில் இறங்கினால்? கண் கீழ்ப் பகுதி வழியாகப் பார்க்கும். படி மங்கலாகத் தெரியும். கால் தடுமாறும். தலையை நன்றாகக் குனிந்து, மேல் பகுதி வழியாகப் படியைப் பார்த்து இறங்க வேண்டும்.

சமையலறையில் பிறந்த லென்ஸ்

மூக்கின்மேல் கண்ணாடியே வேண்டாம் என்பவர்களுக்குக் காண்டாக்ட் லென்ஸ் இருக்கிறது. இது கருவிழியின்மேல் வைக்கும் மெல்லிய வில்லை. 1961-ல் செக் விஞ்ஞானி ஓட்டோ விக்டர்லே தம் வீட்டுச் சமையலறை மேசையில், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களால் ஒரு கருவி செய்தார். மிருதுவான லென்ஸ் அதில்தான் உருவாயிற்று!

இப்போது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் வட்ட வட்டமாகப் பகுதிகள் அமைக்கிறார்கள். இரண்டு உருவங்களும் ஒரே நேரத்தில் கண்ணில் விழும். வேண்டியதை மூளை எடுத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. ஆற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ இந்த லென்ஸில் படக்கூடாது. கண்ணைப் புண்ணாக்கும் கிருமி அதில் இருக்கலாம். நெல் தூற்றும் களத்தில் பதரும் தூசியும் பறக்கும். அங்கே மூக்குக்கண்ணாடிதான் ஏற்றது.

சரபோஜி காலத்தில்

தஞ்சைக்குக் கண் வைத்தியம் புதிதல்ல. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகளும் கண் படங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் இன்றுள்ள எழுத்துப் பலகை அன்று கிடையாது. மன்னர் 1832-ல் மறைந்தார். முப்பது ஆண்டு கழித்து, 1862-ல்தான் ஆலந்து டாக்டர் ஸ்னெல்லன் அந்தப் பலகையை வெளியிட்டார்.

பலகை 6 மீட்டர் தூரத்தில் இருக்கும். 6/6 என்றால் நல்ல பார்வை. 6/60 என்றால், நல்ல கண் 60 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார் என்று அர்த்தம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். மூன்று பல் சீப்புப் போன்ற அடையாளம் இருக்கும். பல் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். தமிழ் எழுத்துகளாலேயே அமைந்த புதுமுறைப் பலகை ஒன்றும் 2009-ல் வெளிவந்தது.

இருட்டில் ஒரு சோதனை

இருபகுதி லென்ஸுக்கு இந்தப் பலகை மட்டும் போதாது. பளிச்சென்ற வெளிச்சத்தில் கறுப்பு எழுத்தை அது சுலபமாகப் படித்துவிடும். ஆனால் கண்ணில் விழும் ஒளி தூரத்துக்கும் கிட்டத்துக்குமாகப் பிரிந்துபோகிறதல்லவா? மங்கலில்தான் சங்கடம்.

ஆகவே இரண்டு கண்ணையும் சேர்த்துத் திறந்துவைத்துச் சோதிக்கிறார்கள். 40 சென்டிமீட்டரில் சிறிய அச்சைப் படிக்கச் சொல்கிறார்கள். கை எட்டும் தூரத்திலும் பார்க்கிறார்கள். பிறகு விளக்கைக் குறைத்து, வெளிறிய சாம்பல் நிற எழுத்துகளைக் காட்டுகிறார்கள்.

முதல் நாள் படித்ததை வைத்து முடிவு கட்டுவதில்லை. சில நாள் போட்டுப் பழகியபின் மறுபடி அளக்க வேண்டும். அப்போது கேள்விகளும் உண்டு. கும்பகோணம் பஸ்ஸின் போர்டு தெரிகிறதா? தராசு முள் தெரிகிறதா? இரவில் எதிரே வரும் லாரி விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறதா?

பலகையில் 6/6 படித்தவரே, "ராத்திரியில் சைக்கிள் ஓட்டப் பயமாக இருக்கிறது" என்று சொல்வதுண்டு. அப்போது டாக்டர் வேறு லென்ஸ் போட்டுப் பார்ப்பார். அதுவும் ஒத்துவராவிட்டால் பழையபடி மூக்குக்கண்ணாடிதான்.