சிறிய குடும்பம், முதிய பெற்றோர்: வீட்டருகே கிடைக்கும் அரசு மருத்துவச் சேவைகள்

1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ 4 குழந்தைகள் பிறந்தன. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்த எண்ணிக்கை 1.8 ஆகும். ஆரம்ப சுகாதார நிலையங்களும் தடுப்பூசியும் பெண்கல்வியும் பரவியதால், பிறக்கும் குழந்தை பிழைத்து வளரும் என்ற நம்பிக்கை வலுப்பெற்றது, குடும்பங்களும் சிறியவையாயின. அதே சேவைகள் ஆயுளையும் நீட்டித்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே மாநில மக்களில் சுமார் 10 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்திருந்தனர்.

இது உங்கள் குடும்பத்தை எவ்வாறு பாதிக்கிறது?

முதியவர்களைக் கவனிக்கும் பொறுப்பு இன்று ஓரிருவர் மீதே விழுகிறது. ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் ஒருவர், மாதந்தோறும் காவிரியைக் கடந்து புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குச் சென்றுதான் மாத்திரை பெற வேண்டும் என்றால், உடன் செல்ல மகனோ மருமகளோ விடுப்பு எடுக்க நேரிடும். துணைக்கு ஆளில்லாதபோது மாத்திரை தடைபடும். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. எனவே மாத்திரையை நிறுத்தியவர் நலமாக இருப்பதாகவே எண்ணுவார். பக்கவாதமோ மாரடைப்போ ஏற்பட்ட பின்னரே பாதிப்பு தெரியவரும்.

வீட்டிலேயே கிடைக்கும் சேவைகள்

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் பின்வரும் சேவைகள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன:

• உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு நோய்க்கான பரிசோதனையும் மருந்துகளும்
• இயன்முறை சிகிச்சை
• படுக்கையில் இருப்போருக்கு நோய் ஆதரவு சிகிச்சை

நீங்கள் செய்ய வேண்டியவை

• உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.
• மருந்துச் சீட்டுகளை ஒரே உறையில் வைத்திருங்கள்.
• வெளியூரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்திருந்தால், புதிய முகவரியைத் தெரிவியுங்கள்.
• மருத்துவர் கூறாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

உடனடி உதவி தேவைப்படும் நிலை

திடீரென முகம் கோணுதல், ஒரு கை அல்லது கால் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். அவை தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும்.

மருத்துவ ஆலோசனைக்கு: 104
முதியோர் உதவி எண்: 14567