அதை எறியாதே!

போகிக்கு முதல் நாள் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்? இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நீங்கள் பரணைக் காலி செய்யக் கிளம்புவீர்கள். உடனே, "ஐயையோ, அதை எறியாதே! வேண்டியிருக்கும்!" என்று ஒரு குரல் கேட்கும். மாமனாராக இருக்கலாம், சொந்த அப்பாவாக இருக்கலாம். சில வீடுகளில் சாட்சாத் கணவரே! முள் இல்லாத கடிகாரமும், பிடி போன குடையும், பத்து வருஷத்து ரசீதுகளும் வந்த வழியே பரணுக்குத் திரும்பிவிடும்.

இந்தக் குரலை வைத்து ஒரு மர்ம நாவலே எழுதிவிட்டார் ஜெஸ் கிட் என்ற பெண்மணி. 2018-ல் வந்த ஆங்கில நாவல் அது. லண்டனில் ஒரு பாழடைந்த பங்களா. உள்ளே ஃப்ளட் என்ற கிழவர். அவரைச் சுற்றி மலை மலையாகக் குப்பை, கூட்டம் கூட்டமாகப் பூனைகள். அவரைக் கவனித்துக்கொள்ள மோட் என்ற பெண் சம்பளத்துக்கு வருகிறாள். அவள் கண்ணுக்கு மட்டும் கிறிஸ்தவப் புனிதர்கள் தெரிவார்கள். பக்கத்தில் நின்று அபிப்பிராயம் வேறு சொல்வார்கள்! குப்பையைக் கிளறக் கிளற, முகம் கருக்கப்பட்ட ஒரு புகைப்படமும், காணாமற்போன ஒரு சிறுமியின் கதையும் வெளியே வருகின்றன. மிச்சத்தைச் சொன்னால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள்.

புத்தகத்தை மூடியதும் எனக்கு லண்டன் மறந்துபோய், புதுச்சேரிதான் நினைவுக்கு வந்தது. ஏன் என்கிறீர்களா?

அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரிந்த ஓர் ஆசாமியைக் குருவாக ஏற்றுக்கொண்டார் ஒரு மகாகவி. அது நடந்த ஊர் இதுதான். 1908 முதல் 1918 வரை பாரதியார் இங்கே வாழ்ந்தார் அல்லவா? அப்போது அவருக்குக் கிடைத்தவர் குள்ளச்சாமி. ஒரு நாள் அவர் முதுகில் பழங்கந்தை மூட்டையோடு வர, பாரதியார் சிரித்துக்கொண்டே, இதென்ன கோலம் என்று கேட்டாராம். "நான் குப்பையை வெளியே சுமக்கிறேன்; நீ உள்ளே சுமக்கிறாய்" என்ற கருத்தில் சாமி பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். 'பாரதி அறுபத்தாறு' என்ற பாடலில் கவியே இதை எழுதி வைத்திருக்கிறார்.

அதே ஊரில், பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஒரு பழைய மாளிகை நிற்கிறது. கீழே செதுக்கிய மரத் தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணியில் வெள்ளைத் தூண்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு அது. 1736 முதல் 1761 வரை இருபத்தைந்து வருஷம் அவர் தினசரி எழுதி வந்தார். வந்த கப்பல், விற்ற சரக்கு, கவர்னர் மனைவி மூட்டிய கலகம், ஊர் வம்பு, சகுனம் ஒன்றையும் விடவில்லை. 1761 ஜனவரி 12-ல் அவர் கண்ணை மூடினார். நாலாம் நாள் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

அந்தக் கணக்குப் புத்தகங்கள் என்ன ஆயின? வீட்டில் கிடந்தன, அவ்வளவுதான். 1846-ல் கல்வா மோம்ப்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்து உலகுக்குச் சொல்லும் வரை எண்பத்தைந்து வருஷம் கிடந்தன! எண்பத்தைந்து போகிப் பண்டிகைகள்! அந்த வீட்டு மருமகள்களில் எத்தனை பேருக்குக் கை துறுதுறுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தினசரி பிற்பாடு ஆங்கிலத்தில் 1904 தொடங்கி 1928-க்குள் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சாயிற்று. இன்று அந்தக் காலத்துத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதுகிற எவரும் அதைத் தொடாமல் இருக்க முடியாது. ஆனால் இடையிடையே சில பகுதிகள் கிடைக்கவே இல்லை. கரையான் தின்றதோ, யாராவது சுத்தம் செய்தார்களோ!

அப்படியானால் ஒன்றையுமே எறியக் கூடாதா? அவசரப்படாதீர்கள், நியூயார்க் நகரத்துச் சங்கதியையும் கேளுங்கள்.

ஹோமர், லாங்லி கோல்யர் என்று இரு சகோதரர்கள். அண்ணாவுக்குக் கண் போயிற்று. பிறகு கை கால்களும் முடங்கின. தம்பிதான் தாதி. வாரம் நூறு ஆரஞ்சுப் பழம் கொடுத்தால் பார்வை திரும்பும் என்பது அவருடைய சொந்த வைத்தியம். பார்வை வந்ததும் அண்ணா படிக்கட்டுமே என்று வருஷக்கணக்காகச் செய்தித்தாள்களைச் சேர்த்து வைத்தார். திருடர் வந்தால் தலையில் விழும்படி கண்ணிகளும் கட்டி வைத்தார். 1947 மார்ச் 21-ல் போலீசார் உள்ளே புகுந்தபோது அண்ணா உட்கார்ந்தபடியே இறந்திருந்தார். தம்பியைக் காணோம்! ஊரெல்லாம் தேடினார்கள். பதினெட்டாம் நாள், அண்ணா இருந்த இடத்துக்குப் பத்தடி தூரத்தில் குப்பைக்கு அடியில் அகப்பட்டார். சாப்பாடு எடுத்துக்கொண்டு போகையில் தாம் கட்டிய கண்ணியிலேயே சிக்கி முதலில் மாண்டவர் அவர்தான். சோறு போடக் கையில்லாமல் அண்ணா பிறகு பட்டினியில் போனார். அந்த வீட்டிலிருந்து நூறு டன்னுக்கு மேல் அள்ளினார்கள். பியானோ மட்டும் பதினான்கு!

இப்படி மட்டுமீறிச் சேர்ப்பதைத் தனி மனநோயாகவே 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வகைப்படுத்தியது. வயதானவர்களிடம் இது அதிகம் காணப்படும். இதில் ஒன்று கவனியுங்கள். நோயாளி கோயிலுக்குப் போன சமயம் பார்த்து வண்டியை வரவழைத்து எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினால் வியாதி போகாது. வீடு மறுபடி நிறையும். உங்கள் மேல் இருந்த நம்பிக்கைதான் போய்விடும். அதற்காக அடுப்புப் பக்கத்தில் காகித மூட்டையை அடுக்க விடவும் முடியாது.

முத்தியால்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இந்தச் சங்கடத்தில்தான் இருக்கிறார். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரைக் கவனித்துக்கொள்கிறார். மனைவி போன பிறகு அவர் ஒரு காகிதத்தையும் வெளியே விடுவதில்லை. சம்பளம் அனுப்புகிற மகன் பாரீஸில். "பொங்கலுக்கு நான் வருவதற்குள் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்று அவர் போனில் உத்தரவு.

"என்ன செய்தீர்கள் அக்கா?" என்றேன்.

"சம்பளம் பிள்ளை குடுக்குறாரு. ஆனா என்னை நம்பித் தூங்குறது ஐயாதானேம்மா" என்றார் அந்த அம்மாள்.

தினம் காலைக் காப்பி ஆனதும் ஒரே ஒரு கட்டை எடுத்துப் பெரியவர் மடியில் வைக்கிறார். அவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பார். பாதி திரும்ப அடுக்குக்கே போகும்; மீதி எடைக்கு. ஒரு நாள் பழைய சலவைக் கணக்குச் சீட்டு ஒன்று வந்ததாம், மனைவியின் கையெழுத்தில். அன்று வேறு கட்டுப் பிரிக்கவில்லை. மூன்று மாதத்தில் கட்டிலிலிருந்து குளியலறை வரை ஆள் நடக்கப் பாதை வந்திருக்கிறது. முன்பு இருமுறை அங்கே தடுக்கி விழுந்தவர் இப்போது விழுவதில்லை.

ஒரு மர பீரோ மட்டும் பாக்கி. சாவி பெரியவரின் அரைஞாணில் இருக்கிறது.

"அதில் என்னதான் இருக்கிறதாம்?" என்று கேட்டேன்.

"நான் கேக்கலைம்மா. பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டு, பெரியவருக்குக் கஞ்சி காய்ச்ச எழுந்து போனார்.