எண்ணும் ஏடும்

தொண்டை நாட்டில், கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊராகும். அங்கே தறியில் அமரும் நெசவாளருக்குப் பாவுக்கும் ஊடைக்கும் வேண்டிய பட்டையும், கரைக்கும் முந்திக்கும் வேண்டிய சரிகையையும் நிறுத்துக் கொடுப்பது வழக்கம். இன்னாருக்கு, இந்நாளில், இத்துணை எடை கொடுக்கப்பட்டது என்பது கணக்கேட்டில் பதியப்படும். சேலை நெய்து முடிந்தபின் அதனையும் நிறுத்து, நாளுடன் வரவு வைப்பர். பல்லாண்டு கழித்து அச்சேலையைக் கையில் எடுப்பவர் அதன் வேலைப்பாட்டைக் கண்டு வியக்கலாம். ஆனால், தான் எந்த ஆண்டில் நெய்யப்பட்டது என்பதைச் சேலை கூறாது. சேலையோடு கட்டிய சீட்டில் ஓர் எண் இருந்து, அவ்வெண்ணுக்குரிய ஏடும் அழியாதிருந்தால், இரண்டும் சேர்ந்து அதனைக் கூறும்.

தறியில் பிறந்த சேலைக்கு உரிய இவ்வுண்மை ஆலையில் பிறந்த வண்டிக்கும் உரியது. பழைய மோட்டார் வண்டிகளைப் பேணுவோர் உலகெங்கும் உள்ளனர். ஒரு வண்டி எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பதை அறிய அவர்கள் நாடும் சான்றுகள் இரண்டு. வண்டியில் பொறிக்கப்பட்ட வரிசை எண் ஒன்று. அதனைச் செய்த ஆலையின் ஏடு மற்றொன்று.

வண்டியின் தோற்றத்தைக் கொண்டே அதன் வயதைக் கூறலாகாதோ எனின், கூறலாகாது. தோற்றம் ஏமாற்றும். வண்ணம் புதிதாகப் பூசப்படும். விளக்கும் இருக்கையும் மாற்றப்படும். தேய்ந்த சக்கரத்திற்கு வேறு சக்கரம் வந்து சேரும். அன்றியும், சில வண்டிகளின் வடிவம் நெடுங்காலம் மாறுவதே இல்லை. சென்னையில் செய்யப்பட்ட ‘புல்லட்’ என்னும் மோட்டார் சைக்கிள் அரை நூற்றாண்டு அளவும் பெரிய வேறுபாடு இன்றி வெளிவந்தது. தந்தையின் வண்டியையும் மகனின் வண்டியையும் அருகருகே நிறுத்தினால், எது மூத்தது என்று கண்ணால் மட்டும் கண்டு சொல்லுதல் அரிது.

ஆகவேதான் எண் தேவைப்படுகிறது. வண்டி ஆலையை விட்டு வெளியேறுமுன், அதன் அடிச்சட்டத்தில் ஓர் எண்ணும் எஞ்சினில் ஓர் எண்ணும் இரும்பு அச்சினால் அடித்துப் பொறிக்கப்படும். பல ஆலைகளில் இவ்வெண்கள் வரிசையாக ஏறிச் செல்லும். ஆலை எழுத்தர் தம் ஏட்டில் அவ்வெண்களை எழுதி, எதிரே வண்டியின் வகை, அது ஆலையை விட்டுச் சென்ற நாள், அதனைப் பெற்ற விற்பனையாளர் பெயர் ஆகியவற்றைக் குறிப்பார். ஓர் ஏட்டில் சனவரி இறுதியில் 4,200 என்ற எண்ணும் பிப்ரவரி இறுதியில் 4,650 என்ற எண்ணும் காணப்படுகின்றன எனக் கொள்க. எண்கள் முறை பிறழாமல் சென்றிருப்பின், 4,417 என்னும் எண்ணுடைய வண்டி பிப்ரவரித் திங்களில் வெளிவந்தது என்பது தெளிவு. ஏடு இல்லையேல், அந்த 4,417 வெறும் கீறலே ஆகும்.

புல்லட் வண்டியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் இருந்த ராயல் என்பீல்டு ஆலை, ‘புல்லட்’ என்னும் பெயரை 1932ஆம் ஆண்டு முதல் தன் வண்டிகளுக்கு வழங்கியது. இந்தியா விடுதலை பெற்றபின், எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டிகள் வேண்டியிருந்தன. இந்திய அரசு 350 சி.சி. புல்லட் வண்டிகள் 800 வேண்டுமென அவ்வாலையைக் கேட்டது. 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் கூடி என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. முதலில் உறுப்புகள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. சென்னையில் அவை பூட்டி இணைக்கப்பட்டன. பின்னர், 1962ஆம் ஆண்டளவில், எல்லா உறுப்புகளும் இந்நாட்டிலேயே செய்யப்பெற்றன. திருவொற்றியூர் ஆலையின் பெயர் நாடெங்கும் பரவியது.

தாய் ஆலையோ 1967ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இயந்திரங்களும் தொழிலாளரும் பிரிந்தனர். ஆயினும் ஏடுகள் முற்றிலும் அழியவில்லை. அவ்வண்டிகளை உடையோர் இங்கிலாந்தில் அமைத்துள்ள மன்றம் அவ்வேடுகளைப் பேணி, எண்ணைத் தெரிவிப்போருக்கு வண்டி வெளிவந்த நாளைக் கண்டு சொல்லி வருகிறது. வேறு பல ஆலைகளின் ஏடுகளை, 1946ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பழைய மோட்டார் சைக்கிள் கழகம் தன் நூலகத்தில் காத்து வருகிறது. ஆலைகள் மறைந்த பின்னும் அவற்றின் எழுத்தர்கள் எழுதிய வரிகள் பயன்படுகின்றன.

எண்ணை ஏட்டோடு ஒப்பிடுவோர் மூன்று நாள்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். வண்டி செய்து முடிந்த நாள் ஒன்று. ஆலையை விட்டுச் சென்ற நாள் ஒன்று. அரசு அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்ட நாள் மற்றொன்று. ரெட்டிச்சில் ஓர் ஆண்டின் இறுதியில் முடிந்த வண்டி, கடல் கடந்து சென்னை சேர்ந்து, விற்பனையாளரிடம் தங்கி, அடுத்த ஆண்டிலேயே பதிவு பெற்றிருக்கலாம். பதிவுச் சான்றில் காணும் ஆண்டையே பிறந்த ஆண்டெனக் கொள்வோர் பிழைபடுவர். மேலும், பிரிட்டனில் வரும் ஆண்டுக்குரிய புது வடிவங்களை முந்திய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே செய்யத் தொடங்குவது பெருவழக்கு. எனவே, ஆலை கூறும் வடிவ ஆண்டும் நாட்காட்டி ஆண்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

வேறு இடர்களும் உண்டு. எஞ்சின் பழுதுற்றபோது வேறு வண்டியின் எஞ்சினைப் பூட்டியிருப்பர்; அப்போது அடிச்சட்டம் ஓர் ஆண்டையும் எஞ்சின் வேறோர் ஆண்டையும் காட்டும். சில ஆலைகள் ஒன்று என்னும் எண்ணில் தொடங்காமல் 101 என்றோ 1,001 என்றோ தொடங்கின. சில, வண்டியின் வகைதோறும் தனித்தனி வரிசை வகுத்தன. பேராசை கொண்டோர் பழைய எண்ணை அரத்தால் தேய்த்துப் புது எண் பொறிப்பதும் உண்டு. ஏட்டில் எஞ்சின் எண்ணும் அடிச்சட்ட எண்ணும் ஒரே வரியில் இணைத்து எழுதப்பட்டிருப்பின், இத்தகைய பொய் எளிதில் வெளிப்படும். வஞ்சகர் இரும்பைத் திருத்தலாம். தொலைவில் காக்கப்படும் ஏட்டைத் திருத்துதல் எளிதன்று.

ஏடு கிடைக்காதபோது அறிஞர் செய்வது யாது? நாள் உறுதியாகத் தெரிந்த வண்டிகளின் எண்களைத் திரட்டி வரிசைப்படுத்துவர். நாள் தெரியாத வண்டியின் எண் எந்த இரண்டிற்கு இடையில் விழுகிறதோ, அந்த இடைக்காலமே அதன் காலம் எனக் கணிப்பர். வரிசை எண்களிலிருந்து மறைந்த செய்திகளைக் கணித்தறியும் இவ்வாற்றல் இரண்டாம் உலகப்போரில் பெரிதும் விளங்கிற்று. செருமானியர் திங்கள்தோறும் எத்தனை டாங்குகள் செய்தனர் என்பதை நேச நாட்டினர் அறிய விரும்பினர். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களுக்கு உளவுச் செய்திகள் கூறிய தொகை 1,550. கைப்பற்றிய டாங்குகளின் உறுப்புகளில் கண்ட வரிசை எண்களைக் கொண்டு கணித வல்லுநர் கூறிய தொகை 327. போர் முடிந்தபின் செருமானிய ஆலைகளின் ஏடுகளைப் பிரித்துப் பார்த்தபோது, உண்மைத் தொகை 342 எனத் தெரிந்தது. எண்ணைக் கொண்டு செய்த கணிப்பு மெய்க்கு அண்மையில் நின்றது. அதற்கு முடிவான சான்று பகர்ந்தது ஏடே.

ஒரு வண்டியின் வயதை இத்துணை நுட்பமாக ஆராய்வதால் பயன் என்னை எனச் சிலர் வினவலாம். இலண்டனிலிருந்து பிரைட்டன் நகருக்கு ஆண்டுதோறும் நடைபெறும் பழைய வண்டிகளின் ஓட்டத்தில், 1905ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன் செய்யப்பட்ட வண்டிகளே இடம்பெறும். ஒரு திங்கள் பிந்திப் பிறந்த வண்டிக்கு அங்கே இடமில்லை. நம் நாட்டிலும் 2021ஆம் ஆண்டில் மைய அரசு விதி வகுத்தது. அதன்படி, முதற்பதிவு பெற்று 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, உடலும் எஞ்சினும் பெரிதும் மாற்றப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் தொன்மை வண்டிகளாகப் பதிவு பெறலாம். புதிதாக அவ்வாறு பதிவு பெறுவனவற்றின் எண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். வயதே தகுதியாகும் இடத்தில், அவ்வயதை நிறுவும் சான்று பொய்யாதிருத்தல் வேண்டும். பொய்ச் சான்றை நம்பிப் பொருள் கொடுப்பவர் தம் பொருளை இழப்பர். நாட்டின் தொழில் வரலாறோ தன் உண்மையை இழக்கும்.

இக்காலத்தில் வண்டிகளுக்கு எழுத்தும் எண்ணும் விரவிய 17 குறிகள் கொண்ட அடையாளம் வழங்கப்படுகிறது. செய்தவர் யார், வகை யாது, வரிசை எண் என்ன என்பவற்றை அதிலிருந்து அறியலாம். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ என்னும் மூன்றும் அதில் இடம்பெறா. அவை ஒன்று, சுழி என்னும் எண்களோடு மயங்கும் என்பதே காரணம். முறை திருந்தினும் அடிப்படை மாறவில்லை. குறி வண்டியில் இருக்கிறது. அதன் முழுப் பொருள் செய்தவரின் பதிவில் இருக்கிறது.

ரெட்டிச் ஆலையின் எழுத்தர் அன்றாடக் கடமையாகவே அவ்வரிகளை எழுதினார். பிற்காலத்தார் தம் ஏட்டைத் தேடி வருவர் என அவர் கருதியிருக்கமாட்டார். ஆயினும், சோம்பலால் ஒரு நாளை விட்டிருந்தால், அந்நாளில் பிறந்த வண்டிகள் இன்று தம் வயதை நிறுவ வழியின்றி நிற்கும். ஆரணியில் பட்டு நிறுத்துக் கணக்கெழுதுவோருக்கும், பள்ளியில் ஆய்வுக்கூடக் குறிப்பேடு எழுதும் மாணவர்க்கும் இஃது ஒக்கும். கண்டதைக் கண்ட நாளிலேயே, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதி வைப்பது சிறு செயலே. ஆனால், நினைவு மங்கி, கண்டவரும் மறைந்த பின்னர், உண்மைக்குத் துணை நிற்பது அச்சிறு செயலேயாகும்.